இறுக்கம் குறையன்று

பனி என்ற சொல்லைக் கேட்டதும் நம் தமிழ் உள்ளத்தில் தோன்றுவது மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் துளியேயாகும். உதகையில் உறைபனி படிவதுண்டு. ஆயினும் ஆள் உயரத்துக்கு வெண்பனி விழுந்து வீதியையும் வேலியையும் மூடிவிடும் காட்சி நம் ஊர்களில் இல்லை. பிழைப்பு நாடி வடதிசைக்கு வந்த நம்மவருக்கோ அதையும் காணும் வாய்ப்புக் கிடைக்கின்றது. விடுமுறையில் காஷ்மீரத்துக் குல்மார்க்குக்குச் சென்று வரும் அன்பர்கள், அங்கே பனியின்மேல் உறுமிக்கொண்டு ஓடும் சிறு வண்டியில் குழந்தைகளை ஏற்றிப் படம் பிடித்து வருகின்றனர். அதனை அங்கே ஸ்னோ ஸ்கூட்டர் என்பர். அயல்நாடுகளில் ஸ்னோமொபைல் என்பர். நாம் இங்கே பனிவண்டி என்றே குறிப்போம்.

இக்கட்டுரையில் நாம் எழுத எடுத்துக்கொண்டது அவ்வண்டியின் மிகச் சிறிய உறுப்பொன்றைப் பற்றியது. கட்டைவிரல் பருமனே உள்ள 'புஷ்' என்னும் குழல் அது. தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டுப் புதியதை இடப்போனால், புதியது துளைக்குள் நுழைய மறுக்கும். அப்பொழுது செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதே நம் பொருள். பனிவண்டி நமக்கெதற்கு என்று அன்பர்கள் எண்ண வேண்டா. வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும், நாம் ஊருக்குப் போகும் இரயில் வண்டிக்கும் இதே நியாயந்தான் என்பது போகப்போக விளங்கும்.

பனிவண்டி பிறந்த கதை

கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்றோர் ஊர். அங்கே வாழ்ந்த ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்பவர் மோட்டார்ப் பட்டறை நடத்தியவர். இளமை முதலே பனியில் ஓடும் வண்டியொன்றைச் செய்துவிட வேண்டும் என்று முயன்று வந்தவர். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி கண்டது. பாதைகளெல்லாம் பனியில் மூடிக்கிடந்தமையால் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை, குழந்தை இறந்தது. தந்தை தம் முயற்சியைக் கைவிட்டாரில்லை. பல்சக்கரமும் தொடர்பட்டையும் கொண்டு பனியில் வண்டியைச் செலுத்தும் முறைக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். எழுவர் அமரத்தக்க மூடுவண்டிகள் அவர் பட்டறையிலிருந்து வெளிவந்தன. ஓரிருவர் குதிரைமேல் அமர்வதுபோல் அமர்ந்து செல்லும் சிறிய வண்டியாகிய ஸ்கி-டூ 1959-இல் விற்பனைக்கு வந்தது. அவர் 1964-இல் காலமானார்.

கேளிக்கை வண்டி என்று நாம் நினைப்பது, பாதையற்ற இடத்தில் உயிர் காக்கும் வண்டியாகவும் இருக்கின்றது என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். நம் நாட்டில் சியாச்சின் பனியாற்றில் 1984-ஆம் ஆண்டு முதல் நம் படைவீரர் காவல் நிற்கின்றனர். அங்கும் சுமை கொண்டுசெல்லப் பனிவண்டிகள் உதவுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டும் அவ்விடத்துக்கு முறை வைத்துச் சென்று வந்துள்ளது. 2016 பிப்ரவரியில் அங்கே நேர்ந்த பனிச்சரிவில் அந்த ரெஜிமெண்டைச் சேர்ந்த 10 வீரர்கள் உயிர் நீத்தனர். அவர்களுள் தமிழ்நாட்டவரும் இருந்தனர். அத்தகைய இடத்தில் வண்டியொன்று நடுவழியில் நின்றால், அடுத்த தெருவில் மெக்கானிக் கடை இராது.

புஷ் செய்யும் வேலை

பனிவண்டியின் முன்புறத்தில் சக்கரங்களுக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகைகள் உள்ளன. பின்புறத்தில் அகன்ற இரப்பர்ப் பட்டை ஒன்று சுழன்று வண்டியை முன்னே தள்ளுகின்றது. மேடுபள்ளங்களின் அதிர்ச்சி ஏறியிருப்பவரைத் தாக்காதவாறு இடையில் நின்று தாங்குவது சஸ்பென்ஷன் என்னும் தாங்கல் அமைப்பு. அதில் சுருள் வில்லும் அதிர்ச்சி தணிப்பானும் இருப்பதை யாவரும் அறிவர். அவற்றோடு மேலும் கீழும் அசையும் இரும்புக் கைகளும் உள்ளன. ஒவ்வொரு கையும் கதவு கீலில் ஆடுவதுபோல் ஓர் அச்சில் ஆடுகின்றது. அந்தக் கீலுக்குள் இருப்பதே புஷ்.

அதன் அமைப்பு மூன்று குழல்களை ஒன்றனுள் ஒன்றாகச் செருகியது போன்றது. வெளியே இருப்பது கையின் முனையிலுள்ள குழல். அதற்குள் இறுகப் பதிந்திருப்பது நைலான் போன்ற பிளாஸ்டிக்காலோ வெண்கலத்தாலோ ஆகிய புஷ். புஷ்ஷுக்குள் எஃகினால் ஆகிய சிறு உட்குழல் ஒன்று வழவழப்பாகச் சுழலுமாறு இருக்கும். அந்த உட்குழலின் வழியே போல்ட் சென்று, அதனை வண்டியின் சட்டத்தோடு பிணைக்கின்றது. உட்குழல் அசையாது நிற்க, கையும் புஷ்ஷும் சேர்ந்து அதன்மேல் ஆடும்.

ஆகவே இங்கே இரண்டு பொருத்தங்கள் உள்ளன. புஷ்ஷின் வெளிப்புறம் கையோடு இறுகியிருக்க வேண்டும். உட்புறம் உட்குழலின்மேல் தடையின்றி ஆட வேண்டும். வெளியே இறுக்கம், உள்ளே தளர்வு: இவ்விரண்டையும் இடம் மாற்றிவிடுவதினின்றே தவறுகள் தோன்றுகின்றன. வெளிப்புறம் தளர்ந்துவிட்டால் புஷ் கையின் குழலுக்குள்ளேயே சுழலத் தொடங்கும். அப்பொழுது தேய்வது சில்லறை விலையுள்ள புஷ்ஷன்று, பெருவிலையுள்ள கை. உட்புறம் இறுகிவிட்டாலோ தாங்கல் அமைப்பு அசைய மறுத்து, பள்ளத்தின் அடி முழுவதும் ஏறியிருப்பவரின் முதுகெலும்பில் இறங்கும்.

புஷ் தேய்ந்ததை அறிவதும் எளிது. வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குகட்டையின்மேல் நிறுத்திச் சறுக்குப் பலகையை இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னும் அசைத்தால், கீலில் 'டக் டக்' என்ற ஆட்டம் தெரியும். ஓட்டும்போது வண்டி நேர்வழி விட்டு இப்படியும் அப்படியும் அலையும். பலகைகள் ஒன்றுக்கொன்று நேராக நில்லா.

நுழைய மறுக்கும் புஷ்

பழைய புஷ் எடுத்தாகிவிட்டது. புதியதைத் துளையருகே வைத்தால் துளை சிறிதாகவும் புஷ் பெரிதாகவும் தோன்றும். விரலால் அழுத்தினால் அசையாது. உடனே மனிதர் நினைப்பது, கடைக்காரர் அளவு மாறிக் கொடுத்துவிட்டார் என்பதே. அடுத்து இரண்டு வழிகளில் ஒன்றைக் கைக்கொள்வர். சிலர் உப்புத்தாளையோ அரத்தையோ எடுத்துப் புஷ்ஷின் வெளிப்புறத்தைத் தேய்த்து மெலிதாக்குவர். சிலர் சுத்தியலை எடுப்பர்.

இரண்டும் ஆகா. கையால் தேய்த்த புஷ் ஒருபோதும் வட்டமாக இராது. ஓரிடம் இறுகும், ஓரிடம் தளரும். எளிதில் நுழைந்துவிட்டது என்று அன்று மகிழலாம். ஆனால் அந்த எளிமையே பிறகு ஆட்டமாக வளரும். சுத்தியல் அடியோ புஷ்ஷின் விளிம்பைக் காளான்போல் மலர்த்திவிடும். கோணலாக இறங்கச் செய்யும். குளிரில் விறைத்த பிளாஸ்டிக்காயின் பிளந்தும் போகும்.

புஷ் துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது செய்தவரின் பிழையன்று. வேண்டுமென்றே அவ்வாறு செய்யப்பட்டது. வேறு ஆணியோ பசையோ இல்லாமல், அந்த நெருக்கம் ஒன்றே அதனைப் பிடித்து வைக்கின்றது.

இது நமக்குப் புதிய செய்தியுமன்று. நம் ஊர் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துப் பார்ப்போம். குடமும் ஆரக்காலும் வட்டையும் சேர்த்துத் தச்சர் முடித்த சக்கரத்தின்மேல் கொல்லர் இரும்புப் பட்டையைப் பூட்டுவார். அந்தப் பட்டை மரச்சக்கரத்தின் சுற்றளவைவிடச் சிறிதே குறைவாக இருக்கும். அதனை வறட்டி அடுக்கித் தீமூட்டிப் பழுக்கக் காய்ச்சினால் விரிந்து கொடுக்கும். இடுக்கிகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி நீர் ஊற்றியதும் சுருங்கிச் சக்கரம் முழுவதையும் இறுக்கிப் பிடிக்கும். பட்டை பெரிதாகி எளிதில் ஏறியிருந்தால் அவ்வண்டி சந்தைக்குப் போய்ச் சேராது.

இரயில் வண்டியிலும் இதே முறைதான். நாம் சுத்தியல் பிடிப்போர் அல்லோம். இரயில்வேயில் பேனா பிடிப்போரே. ஆயினும் பட்டறைப் பதிவேடுகள் நம் மேசைக்கும் வருவதுண்டு. இரயில் சக்கரத்தின் நடுத்துளை, அது ஏறவேண்டிய அச்சைவிட ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னம் குறைவாகக் கடையப்படுகின்றது. பின்னர்ப் பெரும் நீரழுத்த யந்திரம் பல பத்து டன் விசையோடு சக்கரத்தை அச்சின்மேல் தள்ளுகின்றது. எத்தனை டன் விசையில் ஏறியது என்பது வரைகோடாகப் பதிவாகின்றது. அப்பதிவில் விசை மிகுந்திருப்பது மட்டும் குற்றமன்று. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த விசையில் எளிதாக நுழைந்துவிட்ட சக்கரமும் தள்ளப்படும். முதன்முறை இதனை அறிந்தபோது நமக்கு வியப்பாகவே இருந்தது. எதிர்த்து நின்றதுதான் தேறுகின்றது. இணங்கி நுழைந்தது தேறுவதில்லை!

செய்யத்தக்க முறை

அப்படியாயின் இறுக்கத்தைக் குறைக்காமலே புஷ்ஷை உள்ளே செலுத்துவது எங்ஙனம்? படிப்படியாகக் கூறுவோம்.

முதலாவது, துளையைத் துப்புரவு செய்தல். புஷ் நுழையாததற்குப் பாதிக் காரணம் துளைக்குள்ளேயே இருக்கும். பழைய புஷ்ஷின் துணுக்கு, துரு, உலர்ந்த கிரீஸ், வழிந்து காய்ந்த வண்ணப்பூச்சு இவை யாவும் துளையைச் சிறிதாக்கும். இவற்றை மென்மையான உப்புத்தாளால் நீக்கித் துணியால் துடைக்க வேண்டும். உலோகம் பளிச்சிட்டதும் நிறுத்திவிட வேண்டும். துளையை அகலமாக்குவது நம் நோக்கமன்று. விளிம்பில் பிசிறு இருந்தால் அதனை மட்டும் அரத்தால் மழித்துச் சிறு சரிவு உண்டாக்கினால் புஷ் வழி கண்டு இறங்கும்.

இரண்டாவது, அளத்தல். வெர்னியர் காலிப்பரால் துளையையும் புஷ்ஷையும் இரண்டு மூன்று திசைகளில் அளக்க வேண்டும். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் கவலை வேண்டா. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் மெய்யாகவே மாறிவந்த உறுப்பாக இருக்கலாம். உறுப்பு எண்ணைச் சரிபார்த்துத் திருப்பித் தருவதே முறை. துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், கையையே மாற்ற வேண்டி வரும்.

மூன்றாவது, குளிர்வித்தல். புஷ்ஷை ஒரு பையில் இட்டு ஈரம் படாமல் மூடி, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். நைலான் ஒரு பாகை வெப்பமாற்றத்துக்குத் தன் அளவில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 80 பங்கு சுருங்கும். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள புஷ், 25 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழே 15 பாகைக்குச் சென்றால், 40 பாகை மாற்றம், சுருக்கம் 0.08 மில்லிமீட்டர். ஒரு தலைமயிரின் பருமன் அளவுதான். ஆயினும் இங்கே வேண்டுவதும் அவ்வளவுதான். வெண்கலப் புஷ்ஷாயின் இதில் கால் பங்குக்கும் குறைவாகவே சுருங்கும்.

நான்காவது, கையின் குழலைச் சூடாக்குதல். எஃகுக் குழலைக் கொதிநீரில் நனைத்த துணியால் சுற்றி 50 பாகை ஏற்றினாலும், 25 மில்லிமீட்டருக்கு விரிவது 0.015 மில்லிமீட்டரே. ஆகவே பிளாஸ்டிக் புஷ்ஷுக்குச் சூட்டைவிடக் குளிரே பெருந்துணை. தீக்குழாயைக் கொண்டு காய்ச்ச முற்படலாகாது. வண்டியின் பெட்ரோல் தொட்டி அருகிலிருக்கும். அலுமினியக் கையாயின் வலிமை குன்றும். காய்ச்சிய குழலில் பிளாஸ்டிக் புஷ் உருகிப் பாழாகும்.

ஐந்தாவது, திருகி இழுத்தல். இதுவே முழுவேலையின் உயிர்நிலை. நெடுக மரையிட்ட நீள போல்ட் ஒன்று, நட்டுகள் இரண்டு, தடித்த வாஷர்கள் சில, புஷ்ஷைவிட உட்புறம் அகன்ற குழாய்த் துண்டு ஒன்று இருந்தால் போதும். போல்ட்டைக் கையின் துளைவழியே செலுத்தி, ஒருபுறம் புஷ்ஷும் அதன்மேல் வாஷரும், மறுபுறம் குழாய்த் துண்டும் வாஷரும் வைத்து நட்டை முறுக்க வேண்டும். புஷ் மயிரிழை மயிரிழையாக உள்ளே ஏறும். வெளிப்புறத்தில் சிறிது சோப்புநீர் தடவலாம். முதல் இரண்டு சுற்றுகளில் கண்ணை எடுக்கலாகாது. புஷ் கோணினால் உடனே தளர்த்தி நேராக்கி மீண்டும் தொடங்க வேண்டும். குளிர்ந்த புஷ் சில நிமிடங்களில் மீண்டும் பெருத்துவிடும். ஆதலால் கருவிகளையெல்லாம் முன்னமே எடுத்து அடுக்கி வைத்துக்கொண்டு பிறகே உறைபெட்டியைத் திறக்க வேண்டும்.

ஆறாவது, உட்புறம் சரிபார்த்தல். வெளியே நெருக்குண்ட புஷ் உள்ளேயும் சிறிது சுருங்கும். ஆகவே உட்குழல் இப்பொழுது நுழைய மறுக்கலாம். முதலில் கையின் குழலுக்குள் பிசிறோ அழுக்கோ தங்கியுள்ளதா, புஷ் கோணலாக நிற்கின்றதா என்று பார்க்க வேண்டும். யாவும் சரியாக இருந்தும் இறுகினால், ரீமர் என்னும் துளைசீவும் கருவியால் உட்புறத்தை மெல்லச் சீவலாம். சீவத்தக்க இடம் இது ஒன்றே. உட்குழல் கைவிரலால் சுழல வேண்டும். ஆனால் 'டக்' என்று ஆடலாகாது. பழைய உட்குழல் துருவேறியிருந்தால் அதையும் மாற்றிவிடுவதே சிக்கனம். சொரசொரப்பான எஃகு புதிய புஷ்ஷை ஒரே பருவத்தில் தின்றுவிடும். உட்குழல் புஷ்ஷைவிட நீளத்தில் ஓர் இழை மிகுந்திருக்கவும் வேண்டும். குறைந்தால், போல்ட்டை இறுக்கும்போது புஷ்ஷும் சேர்ந்து நசுங்கிக் கீல் அசையாது நின்றுவிடும்.

இறுதியாகக் கிரீஸ் இட்டு, போல்ட்டைக் கைப்புத்தகத்தில் கண்ட விசைக்கு முறுக்கி, கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். வில்லும் அதிர்ச்சி தணிப்பானும் பூட்டுமுன் கை தன் எடையாலேயே மெல்லக் கீழே இறங்கினால் வேலை செம்மை எனலாம். ஒரே சமயத்தில் எல்லாக் கைகளையும் கழற்றிவிடாமல் ஒருபுறம் முடித்து மறுபுறம் செல்வது நன்று; எது எங்கே இருந்தது என்பதற்கு மறுபுறமே சாட்சியாக நிற்கும். வண்டியைத் தாங்குகட்டைமேல் உறுதியாக நிறுத்தாமல் அடியில் கை நீட்டலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் வாசலுக்கு வந்தால்

பனிநாட்டார் இவ்வேலையைப் பனி விழத் தொடங்கியபின் செய்வதில்லை, கோடையிலேயே முடித்துவிடுகின்றனர். மழைக்கு முன்னரே ஏரைச் செப்பனிடும் நம் உழவரின் வழக்கம் அது. கடுங்குளிரில் விரல் விறைத்தவன் மரையைக் கோணலாகப் பூட்டுவான்.

நம் வீட்டு ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் இவ்வகைப் புஷ்கள் உள்ளன. பெரும்பாலும் அவை இரப்பரை இரண்டு எஃகுக் குழல்களுக்கிடையே ஒட்டியவை. அவற்றில் உட்குழல் சுழல்வதில்லை. இரப்பரே முறுக்குண்டு கொடுக்கின்றது. ஆகையால் அவற்றின் போல்ட்டை வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் நிலையில் இறுதியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், இறக்கியதும் இரப்பர் எப்பொழுதும் முறுக்குண்டே இருந்து விரைவில் கிழியும். வெளிக்குழலின் இறுக்கத்துக்கு மட்டும் நாம் மேலே கூறிய விதியே விதி.

மொழி புதிதான ஊரில் பட்டறைக்குச் சென்று நிற்கும் நம்மவர், மெக்கானிக் செய்வதைக் கேள்வி கேட்கத் தயங்குவதுண்டு. 'புஷ் பெரிதாக இருக்கிறது ஐயா, கொஞ்சம் தேய்த்துப் போட்டுவிடுகிறேன்' என்று அவர் அரத்தை எடுத்தால், அன்பர்கள் பணிவோடும் உறுதியோடும் ஒன்று சொல்லலாம்: 'தேய்க்க வேண்டா, அழுத்தும் யந்திரம் உள்ள கடையில் கொடுத்து ஏற்றுவோம்.' அதற்குச் சிறிது கூலி மிகும்; அரைநாள் தாமதமும் ஆகலாம். குழந்தையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் வண்டிக்கு அந்த அரைநாளை நாம் தரலாம்.